பாட்டு வருகுது, பாடுறவரைக் காணேல்லை: வயரா, வயரில்லாததா?

வாசகர் ஒருவர், 2025 தை (ஜனவரி) 11

வயர் ஹெட்செற் காலம் முடிஞ்சுது. நல்ல புளூடூத் பட்ஸ் ஐயாயிரத்துக்குள்ள வருது. இன்னும் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டு திரியிறவை பழசை விட மனமில்லாத ஆக்கள்தான். ஆரும் இல்லையெண்டு சொல்லுங்கோ பாப்பம்.

தை 11, இரவு

இல்லை.

வன்னியில, விசுவமடுவில சின்னத் திருத்துற கடை வைச்சிருக்கிறன். போன் திருத்தம், ரீலோட், போட்டோக்கொப்பி, மழைக்காலத்தில குடையும் விப்பன். என்ர மேசையில ஒரு பிஸ்கற் ரின் நிறைய அறுந்த ஹான்ட்ஸ்பிறீ கிடக்கு. பக்கத்தில ஒரு சின்னப் பெட்டியில செத்த பட்ஸ். ரின்னில கிடக்கிறதில பாதியை உயிர்ப்பிச்சுக் குடுப்பன். பெட்டியில கிடக்கிறது ஒண்டும் திரும்பிப் போகாது. அதுதான் என்ர பதில். மிச்சம் நாளைக்கு, நுளம்பு பிடுங்குது.

தை 12

வயர் அறுகிறது ரெண்டு இடத்தில. ஒண்டு போனில குத்திற பின்னுக்குக் கிட்ட, மற்றது காதுக்குக் கிட்ட. நடுவில அறுந்தா அது எலி.

உள்ளுக்க இருக்கிறது வெறும் செம்பு இல்லை. தலைமயிரை விட மெல்லிய இழையள், நடுவில ஒரு நூல். இழைக்கு மேல நிற வாணிஷ். சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு நிறத்தில கிடக்கிறது பொது வயர். (சிலதில பச்சைக்குப் பதிலா நீலம்.) அந்த வாணிஷ் எரியாமல் ஈயம் பிடிக்காது. "நானே ஒட்டினன் அண்ணை, வேலை செய்யேல்லை" எண்டு கொண்டுவாற பொடியளெல்லாம் இதிலதான் பிழை விட்டிருப்பாங்கள். சிலர் லைற்றரைப் பிடிப்பினம், கண்ணிமைக்கிற நேரம் கூடினா நூலும் சேந்து உருகிக் கட்டியாகிடும். நான் சோல்டர் நுனியில ஈயத்தை ஒரு உருண்டையா நிப்பாட்டி, அதுக்குள்ள இழையை அமத்தி வைச்சிருப்பன். முதல் புகை. பிறகு சின்னப் பொரியல் சத்தம். பிறகு இழை வெள்ளியா மாறும். அந்தப் பொரியல் சத்தம் கேட்டா வேலை முடிஞ்சுது எண்டு அர்த்தம்.

போன கிழமை ஒரு ஐயா வந்தவர். வெத்திலைப் பைக்குள்ள இருந்து ஹான்ட்ஸ்பிறீயை எடுத்து வைச்சிட்டுச் சொல்லுறார்: "தம்பி, பாட்டு வருகுது, பாடுறவரைக் காணேல்லை."

போட்டுப் பாத்தன். உண்மைதான். வயலின் கேக்குது, கடம் கேக்குது, பாடுறவர் எங்கயோ கிணத்துக்கு அடியில முனகிறார். ஐயாவுக்கு ஆரோ காது பழுதெண்டு சொல்லி விட்டிருக்கினம், பாவம் மனுசன் அந்தக் கவலையோட வந்திருக்கிறார்.

காதில பிழை இல்லை. பொது வயர் அறுந்திட்டுது. அது அறுந்தா வலது ஸ்பீக்கரும் இடது ஸ்பீக்கரும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு தொடுத்த மாதிரி ஆகிடும். ரெண்டு முனையிலயும் ஒரே அழுத்தம் வந்தா நடுவில ஒண்டும் ஓடாது. பாடுறவரை நடுவில வைச்சுத்தான் ஒலிப்பதிவு செய்யிறது, அதாவது ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அதால அவர் அழிஞ்சு போவார். ஒரு பக்கமா வைச்ச வாத்தியங்கள் மட்டும் தப்பும். காசில்லாமல் கரோக்கி.

பின்னை வெட்டிப் புதுப் பின் போட்டுக் குடுத்தன். இருநூறு ரூபா. கடைவாசல்ல நிண்டு முழுப் பாட்டையும் கேட்டுட்டுத்தான் போனவர்.

இந்தக் கதையை ஏன் சொல்லுறன் எண்டால், பட்ஸ் பழுதாகேக்க இப்பிடி ஒரு கதையும் இல்லை. சிவப்பு லைற் மினுங்கும். பிறகு அதுவும் மினுங்காது.

தை 14

பொங்கிப் படைச்சாச்சு. வெயில் ஏறமுதல் ஒரு சின்னப் பதில்.

ஒருத்தர் கோடெக் (புளூடூத்தில அனுப்பச் சத்தத்தைச் சுருக்கிற முறை) பற்றி, வயரிலதான் தரம் கூட எண்டு நீட்டி எழுதியிருக்கிறார். சரிதான், புளூடூத்தில எல்லாத்துக்கும் பொதுவா இருக்கிற எஸ்பிசி அதிகம் பாவிக்கிற உயர்தர அமைப்பில செக்கனுக்கு 328 கிலோபிற், சொனி கொண்டுவந்த எல்டாக் 990 வரைக்கும் போகும், சீடியில இருக்கிறது 1411. கணக்கெல்லாம் சரி. எங்கட ஆக்கள் பாட்டுக் கேக்கிறது எதில? யூடியூப்பில. அதில வாறதே 128 கிட்டத்தான். சட்டியில இருந்தால்தானே அகப்பையில வரும்.

சத்தத் தரத்துக்காக வயரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் எண்டு நான் எங்கயும் சொல்லேல்லை. முன்னூறு ரூபா ஹான்ட்ஸ்பிறீயும் தகரத்தில மழை பெய்யிற மாதிரித்தான் கேக்கும். நல்ல பட்ஸ் அதை விட நல்லாக் கேக்கும், ஒத்துக்கொள்ளுறன்.

தை 19

ஒருத்தரும் சொல்லாத ஒண்டு: றேடியோ.

சாதாரண போன் கனக்கவற்றில எஃப்எம் இருக்கு. அதைத் திறந்தா "ஹெட்செற்றைப் போடுங்கோ" எண்டு கேக்கும். உங்களுக்குப் பாட்டுக் கேக்க விருப்பமோ எண்டு கேக்கேல்லை, அதுக்கு அலை பிடிக்கிற ஏரியல் வேணும். எஃப்எம் அலையின்ர நீளம் மூண்டு மீற்றர் கிட்ட. அதில கால்வாசி முக்கால் மீற்றர். ஹான்ட்ஸ்பிறீ வயர் ஒரு மீற்றரும் கொஞ்சமும். போனுக்குள்ள அந்த நீளத்துக்கு எங்க இடம்? அதால வயரையே ஏரியலாப் பாவிக்கிறது.

ஒட்டுசுட்டானில இருந்து நெடுங்கேணி போற வழியில டேற்றா வரும், போகும், காட்டுக்குள்ள ஒரேயடியாப் போகும். ஆனா வயரைக் குத்தினா றேடியோ இழுக்கும். டேற்றாக் காசும் இல்லை. புளூடூத்தைக் காதில வைச்சுக்கொண்டு அந்த வழியில போனா காதுக்குள்ள இருக்கிறது ரெண்டு பிளாஸ்ரிக் தக்கை.

தை 20

என்ர மச்சான் இதை வாசிச்சிட்டுக் கேட்டான்: "அப்ப செத்த ஹான்ட்ஸ்பிறீயைக் குத்திப்போட்டு றேடியோவை ஸ்பீக்கர்ல போடலாமோ?" போடலாம். காதுப் பக்கம் ரெண்டும் இல்லாட்டியும் பறவாயில்லை. பிஸ்கற் ரின்னில இருந்து ரெண்டு எடுத்துக்கொண்டு போட்டான், காசும் தரேல்லை.

தை 26

றேடியோ எண்டு தொடங்கினதால பெரியப்பாவின்ர கதை வந்திட்டுது. தலைப்பை விட்டு விலகுறன், தெரியும்.

தொண்ணூறுகளில வன்னிக்குக் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. பற்றரி தடைசெய்த சாமான். பெரியப்பா சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவில இருந்து வயர் எடுத்து, ஒரு டயோட் போட்டு (டைனமோவில வாறது 6 வோல்ற், அதுவும் ஏசி, நேரா றேடியோவுக்குக் குடுக்கேலாது), இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை பிடிப்பார். பெடல் சுத்திறது பிள்ளையள். கை களைச்சு மெதுவாச் சுத்தினா செய்தி வாசிக்கிறவரின்ர குரலும் சோந்து விழும். "மோனை, கொழும்பில என்ன நடந்தது எண்டு தெரியாமல் போகப்போகுது, சுத்து" எண்டு பெரியப்பா கத்துவார்.

அந்த றேடியோவுக்கு ஒரு ஒற்றைக் காதுக்குழல் இருந்தது, ஐஸ்பழக் கலர், சுருட்டை வயர். பழம் பற்றரியை வெயில்ல காய வைச்சு எடுத்துப் போடுற நாளுகளில அதைத்தான் பாவிப்பார். ஸ்பீக்கரை ஆட்டத் தேவைப்படுறதில சின்னப் பங்குதான் காதுக்குழலுக்குக் காணும். அப்ப அவர் மட்டும் கேட்டு, வரி வரியா எங்களுக்குச் சொல்லுவார். சில இடத்தில நிப்பாட்டி முகத்தை மட்டும் மாத்துவார். அதில இருந்துதான் எங்களுக்கு விளங்கும்.

9.15 எண்டு எழுதினதும் ஒருத்தர் "9.45 எல்லோ" எண்டு தனியாக் கேட்டிருக்கிறார். ரெண்டும் சரி. 1996இல அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது, புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னியில பழைய நேரம்தான் ஓடினது. சமாதான காலத்தில ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினா மணிக்கூட்டை அரை மணித்தியாலம் மாத்த வேணும். 2006 சித்திரையில அரசாங்கமும் பழைய நேரத்துக்கே வந்து சேந்தது. பெரியப்பா ஊசியைத் தொடாமலே சரியா நிண்டவர் எண்டு பெருமைப்படுவார்.

தமிழோசை வானொலி 2017 சித்திரை 30 ஓட நிண்டது. அதுக்குப் பிறகும் கொஞ்ச நாள் அந்த நேரத்துக்குத் திருகிப் பாத்தவர்.

மாசி 1

சரி, இப்ப நான் வாங்கிக் கட்டிக்கொள்ளுற பகுதி.

காலபோக வயல், கதிர் முத்தி நிக்குது. மாமாவின்ர காணி கல்மடுப் பக்கம். நேற்று வாட்டர் பம் இழுக்கப் போனன், காதில வயர், போன் சட்டைப் பையில. கயிறைச் சுத்தி ஒரு இழுவை. கயிறோட வயரும் கையில சிக்கி, வயரோட போனும் பறந்து, வாய்க்கால்ல விழுந்திட்டுது. காது மடல் இண்டைக்கும் எரியுது. போனை அரிசிக்குள்ள வைக்கச் சொல்லி மாமி நிண்டா. நான் திருத்துறவன், அரிசியில ஒரு பிரியோசனமும் இல்லை எண்டு தெரியும், கழட்டித் துடைச்சு வெயில்ல வைச்சன். எழும்பிட்டுது.

மாமா ஒண்டும் சொல்லேல்லை. "உந்த வயர் பெல்ற்றில போயிருந்தா?" எண்டு மட்டும் கேட்டார். அதுக்குப் பிறகு இரவு முழுக்க யோசிச்சன்.

இண்டைக்கு என்ர கடையில இருந்தே ஒரு சோடி பட்ஸ் எடுத்தன், 4,500. தை 11 எழுதினதை அழிக்கமாட்டன், கிடக்கட்டும்.

மாசி 3

வயல்ல பட்ஸ் நல்லா வேலை செய்யவேணும் எண்டுதான் நினைக்கிறன். புளூடூத் ஓடுறது 2.4 கிகாகேர்ட்ஸ் அலையில, வைஃபையும் அதிலதான். ரவுணில நாலு கடை வைஃபை ஒண்டையொண்டு மிதிக்கும். வயல்ல கொக்கு மட்டும்தான்.

மாசி 6

மேல எழுதினது பிழை. முழுப் பிழை.

வீட்டுக்குள்ள ஒருக்காலும் அறுகாத பாட்டு, வெட்டவெளியில வரம்பில நடக்கேக்க அறுந்து அறுந்து வருது. ரெண்டு நாள் இதோட மினக்கெட்டன். பட்ஸ் பழுதெண்டு நினைச்சு இன்னொரு சோடியும் போட்டுப் பாத்தன், அதுவும் அப்பிடித்தான்.

காரணம் என்ர உடம்பு. அந்த அலையைத் தண்ணி உறிஞ்சும், மனுசன் எண்டால் அரைவாசிக்கு மேல தண்ணிப்பானை. போன் வலது பின்பக்கப் பையில, பட் இடது காதில எண்டால், குறுக்க நான் நிக்கிறன். வீட்டுக்குள்ள அலை சுவரில, கூரையில பட்டுத் தெறிச்சுச் சுத்தி வந்து காதுக்குச் சேரும். வயல்ல தெறிக்க என்ன இருக்கு? போனை இடது சட்டைப் பைக்கு மாத்தினன், அறுகிறது நிண்டுது.

"ஏன் இடது காதில போட்டனீர், வலதில போட்டிருக்கலாமே" எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். அதுக்கு வேற கதை இருக்கு. பிறகு.

மாசி 9, இரவு

இண்டைக்குப் பகல் பதினொரு மணி போல முழு நாடும் இருண்டது எல்லாருக்கும் தெரியும். பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு. அனுமார் அங்க வாலை வைச்சார், இலங்கை முழுக்க அணைஞ்சுது. அந்தக் காலத்தில எரிஞ்சது, இந்தக் காலத்தில அணைஞ்சுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ர பட்ஸ் கேஸ் இண்டைக்குக் காலமைதான் வெறுமையா இருந்தது. வயரைத்தான் எடுத்தன். கடையில சனம், ஒருத்தருக்கும் வேலை இல்லை, நாங்கள் நாலு பேர் ஒரு போனில செய்தி கேட்டுக்கொண்டு இருந்தம்.

மாசி 10

"போனுக்கும் சார்ச் வேணும்தானே, வயர் காத்திலயோ ஓடுது" எண்டு கேட்டவருக்கு: நியாயம். ஆனா ஒண்டைக் காப்பாத்திறதுக்கும் ரெண்டைக் காப்பாத்திறதுக்கும் வித்தியாசம் இருக்கு. 2022 பங்குனி கடைசியில ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை. அந்த நாளுகளில கடையில ஆள் நிண்டது போன் சார்ச் போட, ஒருத்தரும் பட்ஸைக் கொண்டுவரேல்லை.

மாசி 15

இடது காது.

2009 மாசியில எனக்குப் பதினாலு வயசு. செல் விழுந்தது எங்கட பங்கருக்கு இடப்பக்கம். காயம் இல்லை. ரெண்டு நாளைக்கு ரெண்டு காதும் இல்லை, பிறகு வலது திரும்பி வந்தது, இடது கொஞ்சமா வந்தது. அதுக்குள்ள ஒரு இரைச்சல் இருக்கு, பழைய றேடியோவில ஸ்ரேசனுக்கு நடுவில வாறது மாதிரி. இந்த ஊரில இது பெரிய கதை இல்லை. என்ர வகுப்பில மட்டும் நாலு பேருக்கு இப்பிடி.

யானைக் காவலுக்கு இரவு கொட்டில்ல இருக்கிறம். யானை வாறது முதல் தெரியிறது காதுக்குத்தான்: எங்கயோ ஒரு கொப்பு முறியும், பிறகு ஒரு நீண்ட சும்மா. அந்தச் சும்மாதான் பயம். நல்ல காதை அடைச்சு வைச்சா எனக்கு யானையும் கேக்காது, மாமா கத்திறதும் கேக்காது. அதால நல்ல காதைத் திறந்து விட்டிட்டு, பழுதான காதில ஒரு பட். மற்ற பட் கேஸுக்குள்ள சார்ச் ஏறிக்கொண்டு இருக்கும், இது முடிய அது. விடியுமட்டும் பாட்டு.

இதை வயரில செய்யேலாதோ? செய்யலாம். ஒரு பக்கத்தை வெட்டி விட்டாச் சரி. முந்தி அப்பிடித்தான் செய்தனான். ஆனா இருட்டில ரோச் லைற், யானை வெடி, சாரம், வயர் எண்டு எல்லாத்தையும் சேத்துப் பிடிச்சுக்கொண்டு ஓடிப் பாருங்கோ.

மாமா இதைக் கண்டுபிடிச்சிட்டார். "நீர் யானைக்குக் காவலோ, பாட்டுக்குக் காவலோ?"

மாசி 16

ஒற்றைக் காதுக்காரருக்கு: போன் செற்றிங்ஸில அணுகல்வசதி எண்ட பகுதிக்குள்ள "மோனோ ஒலி" எண்டு ஒண்டு இருக்கு. அதைப் போட்டா ரெண்டு பக்கத்துச் சத்தமும் ஒண்டாக் கலந்து ஒவ்வொரு காதுக்கும் முழுசா வரும். எனக்கு இது தெரிய வந்தது இருபத்தாறு வயசில. அதுவரைக்கும் நான் எல்லாப் பாட்டிலயும் பாதியைத்தான் கேட்டிருக்கிறன். அண்டைக்கு, சின்ன வயசில இருந்து கேட்ட ஒரு பாட்டில முழுக்க ஒரு புல்லாங்குழல் பின்னால ஓடுறதைக் கண்டன். மனுசியைக் கூப்பிட்டு "இது எப்பவும் இருந்ததோ" எண்டு கேட்டன். "உதைத்தானே முதல் கேக்கும்" எண்டா.

மாசி 17

தாதியாம் ஒருவர், தனிச்செய்தியில பேசிப்போட்டார். பழுதான காதுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குடுக்கிறது, மிஞ்சினதையும் தின்னக் குடுக்கிற மாதிரியாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது கிழமைக்கு 40 மணித்தியாலம் எண்டால் 80 டெசிபெல்லுக்கு மேல வேண்டாம் எண்டு. நான் எத்தனையில வைக்கிறன் எண்டு கேட்டார். போனில முக்கால் கோட்டுக்கு மேல.

எலும்பு வழியாக் கேக்கிற ஹெட்செற் வாங்கச் சொல்லி இன்னொருத்தர். காதின்ர வெளிப்பகுதி பழுதெண்டால் அது உதவும், உள்காது நரம்பு பழுதெண்டால் எலும்பு வழி போனாலும் சேருற இடம் அதே பழுதான இடம்தான். என்ரது உள்ளுக்குத்தான்.

இப்ப அரைக் கோட்டில வைச்சிருக்கிறன். பாட்டு அரையும் குறையுமாத்தான் கேக்குது. இரவில துணைக்கு அது காணும்.

மாசி 23

போன் கதைக்கிறதுக்கு எது நல்லது எண்ட கேள்விக்குச் சுருக்கமா: வயர்.

கனடாவில இருந்து அக்கா எடுப்பா. பட்ஸில கதைச்சா "என்னடா தகர டப்பாக்குள்ள இருந்தோ கதைக்கிறாய்" எண்டுவா. புளூடூத்தில பாட்டுக்கு ஒரு பாதை, கதைக்கிறதுக்கு வேற பாதை. மைக்கைத் திறந்த உடன பாட்டுத் தரத்தை விட்டிட்டு ஒடுங்கின பாதைக்கு மாறும். அக்கான்ர குரலும் எனக்குத் தகரமாத்தான் கேக்கும், என்ர குரலும் அவவுக்குத் தகரம். பத்தாததுக்கு மைக் காதுக்குள்ள, வாய் எங்கயோ. வயர்ல மைக் நாடிக்குக் கிட்டத் தொங்கும். புதுசா எல்இ ஓடியோ எண்டு ஒரு புளூடூத் முறை வருது, அதில இந்தக் குறை குறையும். அது போனிலயும் இருக்கவேணும், பட்ஸிலயும் இருக்கவேணும்.

மருமகன் கேம் விளையாட வயர்தான் கேப்பான். வெடி விழுந்து ஆள் செத்த பிறகு வெடிச்சத்தம் வருகுதாம் பட்ஸில. வீடியோவில அது தெரியாது, படத்தையும் கொஞ்சம் பிந்திக் காட்டிச் சரிக்கட்டிடும். கேமில அப்பிடிப் பிந்தேலாது.

பங்குனி 2

வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போனன், தனியார் பஸ். டிரைவருக்குப் பின் சீற். தலைக்கு மேல ஸ்பீக்கர், அதில ஒரு பாட்டு, என்ர காதில வேற பாட்டு. ரெண்டும் சண்டை பிடிச்சா எல்லாரும் செய்யிறது தன்ர பாட்டைக் கூட்டிறது. அதுதான் காதுக்குக் கேடு, வயரோ வயரில்லாததோ எண்டது இல்லை. ரப்பர் மூடி காதுக்கு அளவா இருந்தா வெளிச்சத்தம் பாதி நிண்டிடும், கூட்டத் தேவையில்லை. பெட்டியில மூண்டு அளவு ரப்பர் குடுப்பான், ஒருத்தரும் மாத்திறதில்லை, அந்தச் சின்னப் பைக்கற்றைப் பிரிக்காமலே எறிவினம்.

சத்தம் அடக்கிற வசதி உள்ள பட்ஸ் ஒண்டு, வாடிக்கையாளர்ர, சோதிக்க எண்டு போட்டுப் பாத்தன். பஸ் எஞ்சின்ர உறுமல் அப்பிடியே போயிட்டுது. கொண்டக்டர் "மாங்குளம், மாங்குளம்" எண்டு கத்திறது போகேல்லை. ஒரே சீரா ஓடுற கீழ்ச் சத்தத்தைத்தான் அது எதிர்ச்சத்தம் போட்டு அழிக்கும். மனுசக் குரலை மடக்கிறது கஷ்டம்.

முறிகண்டியில பஸ் நிண்டது. இறங்கி, பிள்ளையாருக்குக் கற்பூரம், எனக்குக் கச்சான். திரும்ப ஏறி உக்காரேக்க என்ர பட் ஒண்டு கழண்டு எங்கயோ உருண்டு போச்சு. பஸ் வெளிக்கிட்டுட்டுது. குனிஞ்சு சீற்றுக்குக் கீழ தடவிக்கொண்டு வாறன், பின்சீற் அம்மா ஒராள் தோளில தட்டி, "தம்பி, உங்கட கச்சான் ஒண்டு விழுந்திட்டுது" எண்டு கையில வைச்சா. பட்.

வயர் இப்பிடி உருளாது. அதை ஒருத்தரும் கச்சானெண்டு நினைக்கவும் மாட்டினம்.

பங்குனி 9

தை 11 எழுதினதுக்கு இன்னொரு திருத்தம்.

"பெட்டியில கிடக்கிறது ஒண்டும் திரும்பிப் போகாது" எண்டு எழுதினன். கடை பூட்டின ஞாயிறு, பெட்டியைக் கொட்டி ஒவ்வொண்டாப் பாத்தன். பதினொரு பட். அதில மூண்டு சாகவே இல்லை. சார்ச் ஏறுற பொட்டில காதுக் குறும்பியும் வேர்வை உப்பும் சேந்து பச்சையாப் பூத்திருந்தது. ஸ்பிறிற்றில பஞ்சு தொட்டுத் துடைச்சன், மினுங்கத் தொடங்கிட்டுது. இன்னும் ரெண்டில சத்தம் குறைஞ்சது வலைக்கு மேல குறும்பி அடைச்சதால. அதுவும் சரி. இந்த அஞ்சு பேரும் என்னட்டை வந்தது மாசக்கணக்குக்கு முதல். புதுசு வாங்கச் சொல்லி அனுப்பிப்போட்டன். வெக்கமாக் கிடக்கு. ரெண்டு பேருக்குப் போன் எடுத்துச் சொன்னன்.

மிச்சம் ஆறும் உண்மையான சாவு. ஒண்டைப் பிளந்து பாத்தன். பசை போட்டு ஒட்டினது, பிளக்கேக்கயே உடைஞ்சுது. உள்ளுக்க சட்டைப் பொத்தானளவு பற்றரி. லிதியம் பற்றரிக்குச் சில நூறு தரம் ஏறி இறங்கினா வயசு போகும், எங்கட சித்திரை வெயில்ல மோட்டார் சைக்கிள் சீற்றுப் பெட்டிக்குள்ள வைச்சா இன்னும் கெதியாப் போகும். பெரிய பற்றரியில பத்தில ரெண்டு குறைஞ்சா தெரியாது. இந்தப் பொத்தானில குறைஞ்சா கிளிநொச்சிக்குப் போறதுக்குள்ள நிண்டிடும்.

அப்ப என்ர முதல் கணக்கு: ரின்னில பாதி, பெட்டியில பதினொண்டில அஞ்சு. கிட்டத்தட்டச் சமன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

பங்குனி 10

ஒரு வித்தியாசம் இருக்கு எண்டு மனுசி சொல்லுறா. அஞ்சைத் துடைச்சன், திருத்தேல்லை. சரி.

பங்குனி 16

புதுப் போனுகளில வட்ட ஓட்டையே இல்லை, இனி வயரை எங்க குத்திறது எண்டு கேட்டவருக்கு. 2016இல ஐபோன் 7இல எடுத்தவை, பிறகு ஒண்டைப் பாத்து ஒண்டு. யூஎஸ்பி-சியில குத்தி வட்ட ஓட்டையாக்கிற மாத்தி (அடப்ரர்) ஒண்டு வாங்கவேணும். கவனம்: பாக்க ஒரே மாதிரி ரெண்டு வகை இருக்கு. ஒண்டுக்குள்ள சத்தமாக்கிற சிப் இருக்கு, கிட்டத்தட்ட எந்தப் போனிலயும் போகும். மற்றது வெறும் வயர், போன் தானே சத்தத்தை வெளியில விட்டால்தான் அது வேலை செய்யும், கனக்கப் போன் விடாது. விலை குறைஞ்சது ரெண்டாவது. கடையிலயே உங்கட போனில குத்திப் பாத்து வாங்குங்கோ. குத்திப் பாக்க விடாத கடையில வாங்காதேங்கோ.

இன்னொரு வியாதி: பழைய நொக்கியாக் காலத்து ஹான்ட்ஸ்பிறீயை இப்பத்தைய போனில குத்தினா பாடுறவர் காணாமல் போவார், மைக் பொத்தானை அமத்திப் பிடிச்சா வருவார். அறுந்ததில்லை. பின்னில நாலு உலோகப் பகுதி, அதில மைக்கும் பொது வயரும் அந்தக் காலத்தில இடம் மாறி இருந்தது. பொத்தானை அமத்தினா அது ரெண்டும் தொடும். தை 12இல எழுதின ஐயாவுக்கும் முதல் இதுவோ எண்டுதான் பாத்தனான். பொத்தானை அமத்தியும் வரேல்லை, அதுக்குப் பிறகுதான் பின்னை வெட்டினது.

சித்திரை 5

அறுவடை முடிஞ்சுது. யானைக் காவல் இல்லை. பட்ஸ் ரெண்டும் கேஸுக்குள்ள ரெண்டு கிழமையாக் கிடக்கு, கடையில வயர்தான் காதில. சோல்டர் பிடிக்கேக்க ரெண்டு கையும் வேலையில, பாட்டை நிப்பாட்ட நாடியாலயே பொத்தானைத் தட்டிவிடப் பழகிட்டன்.

தொடக்கத்தில கேள்வி கேட்டவர் தன்ர பட்ஸில இடது பக்கம் சத்தம் குறைஞ்சிட்டுது எண்டு தனியா எழுதினவர். ஸ்பிறிற், பஞ்சு, மெல்லிய பிரஸ் எண்டு பதில் போட்டன். இன்னும் வரேல்லை பதில்.

சித்திரை 12

அந்த ஐயா திரும்பி வந்தார். அதே வெத்திலைப் பை.

"தம்பி, இப்ப பாடுறவர் நல்லா இருக்கிறார். மிருதங்கத்தைக் காணேல்லை."

வழமை போல வலதை வலது காதில போட்டுப் பாத்தன், அதில பிழை இல்லை. பிறகு திருப்பி, இடது பக்கத்தை என்ர வலது காதில வைச்சன். ஒண்டும் இல்லை. காதடியில வயரை நசிச்சன். மிருதங்கம் வந்தது. விட்டன், போனது.

"வைச்சிட்டுப் போங்கோ ஐயா, பின்னேரம் எடுக்கலாம்" எண்டன். அவர் போகேல்லை. ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்திட்டார்.